கூட்டுத்தொகைக்கு யார் பொறுப்பு?

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக மருத்துவர் சிந்தியா பாய்டும் அவருடைய சகாக்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றில் நோயாளி என்று யாருமே கிடையாது. 79 வயதுப் பாட்டி ஒருவரை அவர்கள் காகிதத்திலேயே உருவாக்கினார்கள். ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, மூட்டுத் தேய்மானம், எலும்பு மெலிவு, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு என்று ஐந்து நோய்களை அவருக்குக் கொடுத்தார்கள். எல்லாம் மிதமான அளவில். பிறகு ஒவ்வொரு நோய்க்கும் வல்லுநர் குழுக்கள் வகுத்திருந்த சிகிச்சை நெறிமுறைகளை எடுத்து, அவற்றை அப்படியே கடைப்பிடித்தால் பாட்டி என்னென்ன சாப்பிட வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டார்கள்.

விடை: 12 மருந்துகள், ஒரு நாளைக்கு ஐந்து வெவ்வேறு நேரங்களில் 19 டோஸ்கள், அன்றைய விலையில் மாதம் 406 டாலர் செலவு. இவை போக உணவு, உடற்பயிற்சி, பரிசோதனை என்று நீண்ட பட்டியல். ஒரு நோய்க்கான மருந்து இன்னொரு நோயைக் கிளறிவிடும் இடங்களும் அதில் இருந்தன.

இந்தக் கணக்கில் யார் மீதும் குற்றம் சொல்ல முடியாது. ஒவ்வொரு குழுவும் தன் நோயைப் பொறுத்தவரை சரியாகத்தான் சொல்லியிருந்தது. ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு காரணம் இருந்தது. பன்னிரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவதற்குத்தான் எந்தக் குழுவும் காரணம் சொல்லவில்லை. முதியவர்களின் மருந்துப் பிரச்சினைக்கு வேர் இங்கே இருக்கிறது. தனித்தனிச் சீட்டுகளுக்கு டாக்டர்கள் இருக்கிறார்கள். கூட்டுத்தொகைக்கு டாக்டர் இல்லை.

ஐந்தோ அதற்கு மேலோ மருந்துகளை ஒருவர் தொடர்ந்து சாப்பிட்டால் அதைப் பன்மருந்துப் பயன்பாடு என்று மருத்துவ உலகம் பொதுவாகக் குறிப்பிடுகிறது. ஐந்து மருந்துகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பார்த்தால் 10 ஜோடிகள் வரும். எட்டு மருந்துகளுக்கு 28. அந்தப் பாட்டியின் பன்னிரண்டுக்கு 66. எல்லா ஜோடிகளும் ஆபத்தானவை அல்ல, பெரும்பாலானவை சாதுவானவையே. ஆனாலும் மருந்துகளைச் சோதிக்கும் பெரிய ஆய்வுகளில் பல நோய்கள் உள்ள முதியவர்களைச் சேர்ப்பது அபூர்வம். முடிவு குழம்பிவிடும் என்று அவர்களைத் தவிர்த்துவிடுவார்கள். ஆகவே, எந்த வயதினர் அதிகமாக மாத்திரை சாப்பிடுகிறார்களோ அவர்களைப் பற்றித்தான் நமக்குக் குறைவாகத் தெரியும்.

நார்மல் என்று அச்சிட்ட அறிக்கை

வயது ஏற ஏற மாத்திரை மாறுவதில்லை, அதை வாங்கிக்கொள்ளும் உடம்பு மாறுகிறது. இதில் முதலில் கவனிக்க வேண்டியது சிறுநீரகம். இதயத்துக்குத் தரப்படும் டிஜாக்சின், சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், நரம்பு வலிக்குத் தரப்படும் பிரிகாபலின், பல ஆன்டிபயாட்டிக்குகள் எல்லாம் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகின்றன. நடுவயதைத் தாண்டியதும் பெரும்பாலோருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் சிறிது சிறிதாகக் குறையத் தொடங்குகிறது. மருந்து வெளியேறும் வேகம் பாதியானால், அதே டோஸ் உடம்பில் ஏறத்தாழ இரண்டு மடங்கு தேங்கும்.

இதை ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்காதா? இங்கேதான் சிக்கல். சிறுநீரகத்தை அளக்க நாம் பார்ப்பது கிரியாட்டினின். அது தசையிலிருந்து வரும் கழிவு. முதுமையில் தசையும் கரைவதால் கிரியாட்டினின் உற்பத்தியும் குறைகிறது. வடிகட்டி மெதுவாகிறது, வடிகட்ட வேண்டிய கழிவும் குறைகிறது. இரண்டும் சேர்ந்து அறிக்கையில் ‘நார்மல்’ என்று வந்துவிடுகிறது.

கனடாவைச் சேர்ந்த காக்ராஃப்ட், கால்ட் என்ற இருவர் 1976-இல் வெளியிட்ட ஒரு சூத்திரம் இந்த மாயையைக் கலைக்க உதவும். 140-இலிருந்து வயதைக் கழியுங்கள். அதை உடல் எடையால் பெருக்குங்கள். கிரியாட்டினின் அளவை 72-ஆல் பெருக்கி, வந்த எண்ணால் வகுங்கள். பெண் என்றால் விடையை 0.85-ஆல் பெருக்க வேண்டும்.

ஒரு பெண்ணுக்கு 30 வயதில் எடை 60 கிலோ, கிரியாட்டினின் 1.0 என்று வைத்துக்கொள்வோம். விடை நிமிடத்துக்கு 78 மில்லிலிட்டர். அதே பெண்ணுக்கு 80 வயது. எடை 45 கிலோவாக இறங்கிவிட்டது. கிரியாட்டினின் அதே 1.0. இப்போது விடை 32. பரிசோதனைக்கூட அறிக்கையில் இரண்டு முறையும் ஒரே எண்தான் அச்சாகியிருக்கும். சூத்திரம் தருவது ஒரு மதிப்பீடுதான். இன்று இதைவிடப் புதிய சூத்திரங்களும் வந்துவிட்டன. என்றாலும் வயதையும் எடையையும் பார்க்காமல் கிரியாட்டினினை மட்டும் நம்பி டோஸ் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும்.

அடுத்தது கொழுப்பு. முதுமையில் உடலின் நீரும் தசையும் குறைந்து கொழுப்பின் விகிதம் கூடுகிறது. கொழுப்பில் கரையும் மருந்துகள் அங்கே போய்த் தங்கிவிடுகின்றன. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் டயசிபாமை உல்ரிச் குளோட்ஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளரின் குழு 1975-இல் அளந்து பார்த்தது. உடம்பில் இருக்கும் டயசிபாம் பாதியாகக் குறைய 20 வயதுக்காரருக்குச் சுமார் 20 மணி நேரம் ஆனது. 80 வயதுக்காரருக்குச் சுமார் 90 மணி நேரம். தாத்தா திங்கள் இரவு போட்ட மாத்திரையில் பாதி வெளியேறுவதற்குள் செவ்வாய், புதன், வியாழன் என்று இன்னும் மூன்று உள்ளே போய்விடும். வெள்ளிக்கிழமை பகலில் அவர் உட்கார்ந்தபடியே தூங்கி வழிந்தால், ‘வயசாயிடுச்சு’ என்று வீட்டில் சொல்வார்கள்.

மூன்றாவது, எழுந்து நிற்பது. நாம் எழும்போது ரத்தம் காலுக்கு இறங்குகிறது. உடனே ரத்தக் குழாய்கள் சுருங்கி, இதயம் வேகமெடுத்து அழுத்தத்தைச் சரிசெய்துவிடும். முதுமையில் இந்த வேலை தாமதமாகிறது. அதன் மேல் ரத்தக்கொதிப்பு மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை, தூக்க மாத்திரை எல்லாம் சேர்ந்தால் இரவில் கழிவறைக்கு எழுபவர் விழுந்துவிடுவார். உட்காரவைத்து மட்டும் பிரஷர் பார்த்தால் இது தெரியாது. படுத்திருக்கும்போது ஒரு முறையும், நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறையும் பார்க்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 புள்ளி இறங்கினால் மருந்துகளை மறுபடி யோசிக்க வேண்டும்.

ஒரு பையைக் கொட்டிப் பார்த்தால்

இனி நம் ஊர்ப் பாட்டி ஒருவரையும் காகிதத்தில் உருவாக்கிப் பார்க்கலாம். வயது 76. மகன் பெங்களூரில். பிரஷருக்கு டவுனில் ஒரு டாக்டர், சுகருக்கு ஆரம்ப சுகாதார நிலையம், முழங்காலுக்கு எலும்பு டாக்டர், சளி காய்ச்சலுக்குத் தெருமுனை மெடிக்கல்ஸ். புதிதாகப் பார்க்கும் டாக்டர், ‘வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் எடுத்துட்டு வாங்கம்மா’ என்கிறார். மறுநாள் ஒரு துணிக்கடைப் பை மேசைமேல் கவிழ்கிறது.

“இது எதுக்கும்மா?”

“அதுவா சார், வாயுவுக்கு. ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப எழுதுனது.”

“அது எப்ப?”

“பேரன் பொறக்கறதுக்கு முன்னாடி.”

“பேரன் இப்ப என்ன பண்றான்?”

“ஒண்ணாப்பு போறான் சார்.”

ஒரு வாரத்துக்கு என்று தொடங்கிய பேன்டோபிரசோல் ஆறு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. நிறுத்தச் சொல்லி யாரும் எழுதவில்லை, அதனால் நிற்கவில்லை. இந்த மாத்திரையை ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டால் வைட்டமின் பி12 உறிஞ்சப்படுவது குறையலாம். பாட்டி சாப்பிடும் மெட்ஃபார்மினும் அதே வேலையைச் செய்யக்கூடியது. பாட்டி கால் மரத்துப்போவதாகச் சொன்னபோது, சுகர் இருப்பதால் இது சுகரால்தான் என்று முடிவுகட்டி பிரிகாபலின் எழுதியாயிற்று. பி12 அளவைப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்து இரண்டு அட்டைகள். இரண்டிலும் கம்பெனி வேறு, பெயர் வேறு, நிறம் வேறு. ஒன்றில் பிரஷர் மருந்தான டெல்மிசார்டன். இன்னொன்றில் டெல்மிசார்டனும் அம்லோடிபினும் கலந்த கூட்டு மாத்திரை. டாக்டர் இரண்டாவதை எழுதியது முதலாவதற்குப் பதிலாக. பாட்டி இரண்டையும் சாப்பிடுகிறார். ஒரே மருந்து பத்து இருபது பெயர்களில் விற்கும் நம் நாட்டில் இது மிகச் சாதாரணம். டோலோ, கால்பால், குரோசின் மூன்றும் பாராசிட்டமால்தான் என்பது எத்தனை வீடுகளில் தெரியும்? சளி மாத்திரைகள் பலவற்றிலும் அதுவே இருக்கிறது. கடையை மாற்றினாலும், மலிவான ஜெனரிக் மருந்துக்கு மாறினாலும் பழைய அட்டையை அப்புறப்படுத்தாவிட்டால் டோஸ் இரட்டிப்பாகும்.

கூட்டு மாத்திரைகள் எண்ணிக்கையையும் மறைக்கின்றன. ‘மூணு மாத்திரைதான் சார் சாப்பிடுறேன்’ என்பவர் உண்மையில் ஏழு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். காரணமில்லாமல் கலக்கப்பட்டவை என்று 344 கூட்டு மருந்துகளுக்கு இந்திய அரசு 2016-இல் தடை விதித்தது. வழக்குகளுக்குப் பிறகு 2018-இல் 328 மருந்துகளுக்குத் தடை வந்தது. தடை செய்யப்படாத, நியாயமான கூட்டுகளும் உண்டு. அவற்றில் ஒரு மருந்தின் அளவை மட்டும் குறைக்க வேண்டுமானால் முடியாது. அட்டையையே மாற்ற வேண்டும்.

பையில் கத்தரியால் வெட்டிய அட்டைத் துண்டுகளும் கிடக்கின்றன. நாலு மாத்திரை கேட்டால் கடையில் அப்படித்தான் வெட்டித் தருவார்கள். பெயரும் காலாவதித் தேதியும் அச்சான பகுதி பல நேரம் கடையிலேயே தங்கிவிடும். கடைசியில் டாக்டர் கேட்கிறார், “வேற ஏதாவது போடுறீங்களாம்மா?” “ஒண்ணுமில்ல சார்.” “கண்ணுக்குச் சொட்டு மருந்து?” “அது தினம் போடுறேன். அது கண்ணுக்குத்தானே!”

கண் நீர் அழுத்தத்துக்கு விடும் டைமோலால் சொட்டு, கண்ணிலிருந்து மூக்குக்கு இறங்கி அங்கே ரத்தத்தில் கலந்துவிடும். நாடித் துடிப்பைக் குறைக்கும், ஆஸ்துமாவைத் தூண்டும். இதயத்துக்காக அதே பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுபவருக்கு இரண்டும் சேர்ந்து நாடி அபாயகரமாக இறங்கலாம். கஷாயத்திலும் கவனம் தேவை. இருமலுக்கு நல்லது என்று நாள்தோறும் எடுக்கும் அதிமதுரம் உடம்பில் பொட்டாசியத்தைக் குறைத்து ரத்த அழுத்தத்தை ஏற்றும். நீர் பிரியும் மாத்திரையோ டிஜாக்சினோ சாப்பிடுபவருக்கு அது விளையாட்டில்லை.

மருந்துக்கு மருந்து

பையில் இன்னொரு கதை இருக்கிறது. அதைத் தேதி வாரியாக அடுக்கினால்தான் தெரியும்.

முதலில் ரத்தக்கொதிப்புக்கான கூட்டு மாத்திரையில் வந்த அம்லோடிபின். நல்ல மருந்து, மலிவான மருந்து. அது நுண்ணிய தமனிகளை விரிப்பதால் சிலருக்குக் கணுக்காலில் நீர் கசிந்து வீங்கும். பாட்டிக்கு வீங்கியது. அவர் வேறு ஒரு டாக்டரிடம் போனார். கால் வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரையான ஃபுரோசமைடு எழுதப்பட்டது. இந்த வீக்கம் உடம்பில் நீர் கூடியதால் வந்ததல்ல. அதனால் பெரிதாக வடியவில்லை. ஆனால் இரவில் நாலு முறை எழுந்திருக்க வேண்டியதாயிற்று. ஃபுரோசமைடு யூரிக் அமிலத்தை ஏற்றும். ஒரு நாள் கால் பெருவிரல் சிவந்து தாங்கமுடியாத வலி. மெடிக்கல்ஸில் டைக்ளோஃபெனாக் வாங்கினார். டைக்ளோஃபெனாக் உப்பையும் நீரையும் தேக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றும். அடுத்த முறை பிரஷர் டாக்டரிடம் போனபோது அளவு கூடியிருந்தது. அவர் மாத்திரையைக் கூட்டினார்.

ரத்தக்கொதிப்பில் தொடங்கி ரத்தக்கொதிப்புக்கே வந்து சேர்ந்திருக்கிறது. வழியில் எழுதப்பட்ட ஒவ்வொரு சீட்டும் அந்த நேரத்துக்குப் பொருத்தமாகவே தோன்றியிருக்கும். இதனோடு இன்னோர் ஆபத்தும் உள்ளே நுழைந்துவிட்டது. டெல்மிசார்டன், ஃபுரோசமைடு, டைக்ளோஃபெனாக் மூன்றும் சிறுநீரகத்தின் வடிகட்டும் அழுத்தத்தை மூன்று வெவ்வேறு வழிகளில் குறைக்கின்றன. கோடையில் வியர்த்து வறண்டாலோ, இரண்டு நாள் வயிற்றுப்போக்கு வந்தாலோ சிறுநீரகம் திடீரென்று செயலிழக்க இந்த மூன்றின் சேர்க்கை போதும்.

பக்கவிளைவைப் புது நோய் என்று நினைத்து அதற்கும் மருந்து எழுதும் இந்தச் சங்கிலியைக் கனடாவின் பாலா ரோஷானும் அமெரிக்காவின் ஜெர்ரி குர்விட்சும் 1990-களில் விளக்கி எழுதினார்கள். நம் ஊரில் அடிக்கடி பார்க்கக்கூடிய இன்னொரு சங்கிலி தலைசுற்றலில் தொடங்குகிறது. பிரஷர் மாத்திரை அதிகமாகித் தலை சுற்றும். அதற்குப் புரோகுளோர்பெரசின் எழுதுவார்கள். சில நாளைக்கென்று தந்ததை மாதக்கணக்கில் சாப்பிட்டால் கை நடுங்கும், நடை தளரும், முகம் இறுகும். பார்க்கின்சன் நோய் என்று நினைத்து டிரைஹெக்சிஃபெனிடில் சேரும். அது வாயை உலர்த்தி, மலத்தைக் கட்டி, நினைவைக் குழப்பும். பிறகு மலச்சிக்கலுக்கு ஒன்று, மறதிக்கு ஒன்று.

இந்தச் சங்கிலியை அறுக்க ஒரே ஒரு பழக்கம் உதவும். முதியவருக்குப் புதிதாக எந்தத் தொந்தரவு வந்தாலும், ‘இதற்கு முன் கடைசியாக மாறிய மருந்து எது?’ என்று முதலில் கேட்பது. தடுமாற்றம், குழப்பம், மயக்கம், பசியின்மை, சிறுநீர் கட்டுப்படாமை, கீழே விழுதல் எல்லாவற்றுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

பட்டியலும் அதற்கு வெளியே இருப்பதும்

முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளைப் பட்டியலிடும் முயற்சியை அமெரிக்க முதியோர் மருத்துவர் மார்க் பியர்ஸ் 1991-இல் தொடங்கிவைத்தார். முதியோர் காப்பகங்களில் இருப்பவர்களுக்காகத் தயாரான அந்தப் பட்டியலை இப்போது அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்கிறது. 2023-இலும் புதுப்பித்தது. டயசிபாம் வகைத் தூக்க மாத்திரைகள், சளி மாத்திரைகளில் இருக்கும் குளோர்ஃபெனிரமின், அமிட்ரிப்டிலின், நீண்ட நேரம் சர்க்கரையைத் தாழ்த்திவைக்கும் கிளிபென்கிளமைடு எல்லாம் அதில் உண்டு. அயர்லாந்தின் கார்க் நகர மருத்துவர்கள் 2008-இல் வெளியிட்ட பட்டியல் ஒரு படி மேலே போனது. எதை நிறுத்தலாம் என்பதோடு, எழுத வேண்டியிருந்தும் விடுபட்டுப்போனது எது என்றும் அது கேட்கிறது. இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு நாலு மருந்துகள் அவசியமாக இருக்கலாம். எண்ணிக்கையைக் குறைப்பதே இலக்கு என்று கிளம்பினால் அவரைக் கொன்றுவிடுவோம்.

இந்தப் பட்டியல்களை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது. மருந்தின் விளைவால் அவசரமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அமெரிக்க முதியவர்களைப் பற்றி டேனியல் பட்னிட்ஸ் குழு 2011-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அந்தச் சேர்க்கைகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு நாலே வகை மருந்துகள் காரணம்: ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், இன்சுலின், ஆஸ்பிரின் போன்ற தட்டணு மருந்துகள், சர்க்கரை மாத்திரைகள். முதியவர்களுக்கு ஆகாதவை என்று பட்டியலிட்டவற்றின் பங்கு மிகச் சிறியதே. ஆக, பெரும் சேதம் விளைவித்தவை தேவையில்லாத மாத்திரைகள் அல்ல, உயிர் காக்கும் மருந்துகள். அவற்றை நிறுத்த முடியாது, கண்காணிக்கத்தான் வேண்டும்.

கண்காணிப்பு என்றால் நம் வீட்டு அளவில் என்ன? கார்த்திகை விரதமோ ஏகாதசியோ வந்தால் சாப்பாடு நிற்கும். சுகர் மாத்திரை நிற்காது. இளைஞருக்குச் சர்க்கரை தாழ்ந்தால் வியர்க்கும், படபடக்கும். முதியவருக்குப் பல நேரம் பேச்சுக் குழறலாகவோ குழப்பமாகவோதான் வெளிப்படும். இதயத்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு அந்தப் படபடப்பும் தெரியாது. அதேபோல வார்ஃபரின் சாப்பிடுபவர் முருங்கைக் கீரையை விட வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்று மாற்றாமல் சீராகச் சாப்பிட வேண்டும். கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்தை எதிர்த்து வேலை செய்யும்.

நிறுத்திப் பார்த்தவர்கள்

மருந்தைத் தொடங்குவதற்கு ஆயிரம் ஆய்வுகள் உண்டு. நிறுத்துவதற்கும் தொடங்காமல் விடுவதற்கும் இப்போது ஆய்வுகள் வரத் தொடங்கிவிட்டன.

எழுபது வயதைத் தாண்டியவர்கள் மாரடைப்பு வராமலிருக்கத் தினமும் ஆஸ்பிரின் போடலாமா? ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் ஆரோக்கியமான 19,114 முதியவர்களிடம் சோதித்தார்கள். முடிவு 2018-இல் வந்தது. ஊனமின்றி வாழும் காலம் கூடவில்லை. பெரிய ரத்தக்கசிவு மட்டும் 2.8 சதவீதத்திலிருந்து 3.8 சதவீதமாகக் கூடியது. இது ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கோ ஸ்டென்ட் வைத்தவர்களுக்கோ பொருந்தாது. அவர்களுக்கு ஆஸ்பிரின் தேவைதான். ஒரே மாத்திரை, இருவருக்கு இரண்டு தீர்ப்பு.

இங்கிலாந்தில் 80 வயதைக் கடந்த 569 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2020-இல் வெளியானது. இவர்கள் இரண்டோ அதற்கு மேலோ பிரஷர் மருந்து சாப்பிட்டு அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள். ஒரு பாதியினருக்கு ஒரு மருந்தைக் குறைத்தார்கள். 12 வாரம் கழித்து, குறைத்தவர்களில் 86.4 சதவீதம் பேருக்கும், குறைக்காதவர்களில் 87.7 சதவீதம் பேருக்கும் மேல் அளவு 150-க்குள் இருந்தது. இடைப்பட்ட காலம் குறைவுதான். மருத்துவர் கண்காணிப்பில் ஒரு மருந்தைக் குறைத்துப் பார்க்கலாம் என்ற துணிவை மட்டும் இது தருகிறது.

கியூபெக்கில் காரா டானன்பாமின் குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. வருடக்கணக்கில் தூக்க மாத்திரை சாப்பிட்ட முதியவர்களுக்கு ஒரு சிறு கையேட்டைத் தபாலில் அனுப்பினார்கள். இந்த மாத்திரை உங்கள் வயதில் என்ன செய்யும், வாரவாரியாக எப்படிக் குறைப்பது என்று அதில் எழுதியிருந்தது. ஆறு மாதத்தில் கையேடு பெற்றவர்களில் 27 சதவீதம் பேர் மாத்திரையை விட்டிருந்தார்கள். பெறாதவர்களில் 5 சதவீதம். மருத்துவர் சொன்னாலும் பெரியவர்கள் கேட்கமாட்டார்கள் என்ற பேச்சுக்கு இது நல்ல பதில்.

எல்லா முயற்சியும் இப்படிப் பலிக்கவில்லை. ஐரோப்பாவின் நாலு நாடுகளில் மருத்துவமனையில் சேர்ந்திருந்த, 70 வயதைக் கடந்த 2,008 நோயாளிகளிடம் நடந்த சோதனையில், ஒரு பகுதியினரின் மருந்துப் பட்டியலைக் கணினி உதவியோடு அலசி, பொருந்தாதவற்றைக் குறைத்தார்கள். 2021-இல் வந்த முடிவுப்படி, நோயாளிகளுக்குத் தீங்கு எதுவும் இல்லை. ஆனால் மருந்தால் மருத்துவமனையில் சேரும் நிகழ்வுகள் குறிப்பிடும்படி குறையவும் இல்லை. மருத்துவமனையில் இருக்கும்போது ஒரு முறை பட்டியலைத் திருத்தி வீட்டுக்கு அனுப்பினால் போதாது, வீட்டிலும் தொடர்ந்து ஒருவர் பார்க்க வேண்டும் என்றுதான் இதை நான் வாசிக்கிறேன்.

ஓர் எச்சரிக்கை. இந்த ஆய்வுகளைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. டயசிபாம் வகை மாத்திரையைச் சட்டென விட்டால் வலிப்பு வரலாம். இதயத்துக்கான பீட்டா பிளாக்கரை விட்டால் நெஞ்சுவலி வரலாம். ஸ்டீராய்டை விட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குறைப்பதென்றால் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும், படிப்படியாக. எதைக் குறைத்தோம், என்ன ஆனது என்று எழுதிவைத்துக்கொண்டு செய்ய வேண்டும்.

ஒரு தாள், ஐந்து கட்டங்கள்

வீட்டில் செய்யக்கூடியதில் முதல் வேலை ஒரு பட்டியல். ஐந்து கட்டங்கள் போதும்: அட்டையில் பிராண்டுக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயர், அளவும் நேரமும், எந்த நோய்க்கு, எழுதிய டாக்டர், எதுவரை. நாலாவது கட்டமும் ஐந்தாவது கட்டமும்தான் பெரும்பாலும் காலியாகக் கிடக்கும். அந்தக் காலியிடங்களே அடுத்த முறை டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள். சொட்டு மருந்து, இன்ஹேலர், ஊசி, தைலம், சூரணம், சத்து மாத்திரை எதையும் விடக்கூடாது.

இந்தத் தாளைப் புது மருந்து எழுதும் ஒவ்வொரு டாக்டரிடமும், மாத்திரை வாங்கும் கடையிலும் நீட்ட வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் நாள் மிக முக்கியம். எது புதிது, எது தொடர வேண்டியது, எது இன்றோடு நிற்பது என்று மூன்றாகப் பிரித்து எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். நின்றுபோனவற்றின் அட்டைகளை அன்றே வீட்டிலிருந்து அகற்ற வேண்டும்.

சில நுணுக்கங்கள் சிறியவை, விளைவு பெரியது. முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு நாள் மட்டும் சாப்பிடுவது. தவறுதலாகத் தினமும் சாப்பிட்டு உயிர்கள் போயிருக்கின்றன. கிழமையைத் தாளில் பெரிதாக எழுதிவையுங்கள். தைராய்டு மாத்திரைக்கும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., இ.ஆர்., எக்ஸ்.ஆர். என்று போட்டிருந்தால், விழுங்க முடியவில்லை என்று பொடித்துத் தரக்கூடாது. நாள் முழுக்கக் கசிய வேண்டிய மருந்து ஒரே மூச்சில் உள்ளே போய்விடும்.

பொறுப்பை யாரிடம் கொடுப்பது

உலக சுகாதார நிறுவனம் 2017-இல் ‘தீங்கில்லா மருந்து’ என்ற உலகளாவிய முயற்சியைத் தொடங்கியபோது மூன்று இடங்களைக் குறிவைத்தது: ஆபத்து மிகுந்த மருந்துகளும் சூழல்களும், பன்மருந்துப் பயன்பாடு, ஒரு சிகிச்சை இடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நோயாளி மாறும் தருணம். மூன்றிலும் அடியில் இருப்பது ஒரே ஓட்டை. நோயாளி நகர்கிறார், அவருடைய முழு மருந்துக் கணக்கு அவரோடு நகர்வதில்லை.

இந்த ஓட்டையை அடைக்கத் தமிழ்நாட்டுக்குச் சாதகங்கள் உண்டு. இந்தியாவின் முதல் முதியோர் புறநோயாளிப் பிரிவு 1978-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில்தான், டாக்டர் வ.செ. நடராசன் முயற்சியில் தொடங்கியது. முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிப்பும் 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் வந்தது. கிண்டியில் 2024-இல் தேசிய முதியோர் நல மையம் திறக்கப்பட்டது. ஆனால் மொத்த முதியவர்களுக்கும் முதியோர் மருத்துவர்கள் கிடைப்பது நடக்கிற காரியமில்லை. கூட்டுத்தொகையைப் பார்க்கும் வேலை குடும்ப மருத்துவர், மருந்தாளுநர், செவிலியர் ஆகியோரிடம்தான் வர வேண்டும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். மாத்திரை தீர்ந்துபோனதால் சிகிச்சை நின்றுபோவதை இது தடுக்கிறது. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் எந்த டாக்டருக்கும் கிடைக்காத ஒரு வாய்ப்பும் அந்தத் தன்னார்வலருக்கு இருக்கிறது. தனியார் டாக்டர் எழுதிய அட்டை, மெடிக்கல்ஸில் வாங்கிய வலி மாத்திரை, பழைய ஆஸ்பத்திரி மாத்திரை எல்லாம் இருக்கும் அலமாரிக்குப் பக்கத்திலேயே அவர் நிற்கிறார். அங்கே உள்ளதை ஆறு மாதத்துக்கு ஒரு முறை அவர் அப்படியே எழுதியெடுத்து, ஆரம்ப சுகாதார நிலைய மருந்தாளுநரும் டாக்டரும் அதைப் பார்த்து, ஒரே மருந்து இரண்டு பெயரில் இருப்பதையும், காலம் முடிந்தும் ஓடுவதையும் நீக்கினால், புதிதாகக் கட்டடமோ கருவியோ தேவையில்லை. தீர்மானம் எடுக்க வேண்டியது டாக்டர்தான்; கணக்கெடுக்க ஏற்கெனவே ஆள் இருக்கிறார்.

அதுவரை, வீட்டில் ஒருவர் இந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். மகளோ மருமகனோ பேத்தியோ, யாராக இருந்தாலும் ஒரே ஆள். டாக்டரிடம் அவர் கேட்க வேண்டியது நாலே கேள்வி: இந்த மாத்திரை இப்போதும் தேவைதானா? இவருடைய வயதுக்கும் சிறுநீரகத்துக்கும் இந்த அளவு சரியா? பட்டியலில் உள்ள மற்றவற்றோடு ஒத்துப்போகுமா? இதை எப்போது மறுபடி பார்க்கலாம்? எந்த டாக்டரும் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட வேண்டியதில்லை. கோபப்பட்டாலும் கேட்டுவிடுவது நல்லது.